மேடத்தின் வயிற்றுச் சத்தம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் ஆடுகளும் மேடமும் எப்படி? உன் முழங்கை வலி குறைந்ததா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு உடனே ஆட்டுக் கதைக்குத் தாவிவிட்டாய்.

என் அறையில் மாற்றம் ஒன்றும் இல்லை. அதே மூன்றாவது மாடி, ஒற்றைக் கட்டில், ஜன்னலோர மேசை. கீழே தச்சுப் பட்டறையில் மரம் அறுக்கும் சத்தம் தாங்க முடியவில்லை என்று வந்த புதிதில் பக்கம் பக்கமாகப் புலம்பினேன் அல்லவா? இப்போது அது ஒரு தொந்தரவே இல்லை. பழகிவிட்டது.

உன்னிடம் ஒரு உதவி. எங்கள் நிலையத்தில் ஒன்பது கால்நடை மருத்துவர்கள் நாற்காலியை விட்டு எழாமலே தூரத்துப் பண்ணைகளுக்கு வைத்தியம் சொல்கிறோம். இதுவரை அவரவர் இஷ்டப்படி நடந்தது. இனி எல்லாருக்கும் ஒரே முறை வேண்டும் என்கிறார் தலைமை மருத்துவர். எது நல்லது என்று அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பத்துப் பண்ணைக்காரர்களின் கருத்தைச் சேர்க்க வேண்டும். உனக்குப் பண்ணை இருக்கிறது, பக்கத்தில் மருத்துவர் இல்லை, வாயும் இருக்கிறது. உன்னை விட்டால் யார்?

போனில் பேசுவது, வீடியோ, படம் எடுத்து நாலு வரி எழுதி அனுப்புவது, அச்சிட்ட படிவத்தை நிரப்புவது என்று நான்கு வழிகள். எனக்குப் படமும் எழுத்தும்தான் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஆனாலும் நீ உள்ளதை எழுது. படிவம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொள்.

தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. பால் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "உங்க தம்பி இன்னும் பேனாவை விடலையா?" என்று கேட்டார். நானும் விடவில்லை என்றேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கை இருக்கிறது, அதில் வலியும் இருக்கிறது, இரண்டுக்கும் பழகிவிட்டது. உன் வார்த்தைதான்.

உன் படிவத்தை மேடத்தின் முன்னால் உட்கார்ந்து நிரப்பினேன். 'விலங்கின் மனநிலை, ஒன்று முதல் ஐந்து வரை' என்று ஒரு கேள்வி. கழுதையின் மனநிலையை யாரப்பா கண்டது? வாசலில் நின்று வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, பிடித்தால் வழிவிடுகிறாள், பிடிக்காவிட்டால் நகரமாட்டாள். இருபத்திரண்டு ஆடுகளையும் அதிகாரி மாதிரி காவல் காக்கிறாள். மூன்று போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

என் கருத்து போன்தான். வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறேன். ஆட்டைப் பிடிக்க ஒரு கை, அதன் வாயைத் திறக்க ஒரு கை. மூன்றாவது கையால் படம் எடுக்கவா? என் விரலோ தடித்தது, ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து வருகிறது. சிக்னலும் தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது படியில் மட்டும்தான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டால் வேலையும் நடக்கும். அதைவிட, பயந்துபோயிருக்கும்போது எதிரில் ஒரு மனிதக் குரல் வேண்டும். இதையும் அறிக்கையில் எழுது.

குரல் என்றதும் நினைவு வருகிறது. இந்த மாதம் நான்கு தடவை அந்தப் படியில் ஏறி உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. வேலையா?

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கருத்துக்கு நன்றி. சேர்த்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். போனில் பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும். மருந்தின் அளவை ஒருவர் ஐந்து என்று சொல்லி இன்னொருவர் ஐம்பது என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும்? புண்ணின் படம் இருந்தால் போன வாரத்தோடு ஒப்பிடலாம். பதற்றத்தில் பேசுகிறவர்கள் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். எழுத உட்கார்ந்தால் நிதானம் வருகிறது. பத்தில் எட்டுப் பேர் போன் என்றே எழுதியிருக்கிறீர்கள். பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மேடத்தின் குளம்பைப் படம் எடுத்து அனுப்பிப் பாரேன், ஒரு பரிசோதனையாக.

ஆமாம், வேலைதான்.

தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உனக்கு எப்படி? நீ கிளினிக்கை விட்டுவிட்டு இந்த நாற்காலி வேலைக்குப் போனது மூட்டு வலியால் என்று சொன்னாய். மூட்டு எப்படி இருக்கிறது? இரண்டு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குளம்பின் படம் வந்திருக்கும். பாதி என் கட்டைவிரல், மீதி மண். மேடம் காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முடிந்ததா என்பது போலப் பார்த்தாள். உனக்கு அதில் என்ன தெரிந்தது என்று எழுது, இங்கே சிரிக்க ஆள் இல்லாவிட்டாலும் நான் ஒருத்தியாகவே சிரித்துக்கொள்வேன்.

நீ படித்தவன், ஆனாலும் சொல்கிறேன். ஆட்டுக்கு வயிற்றுவலி வந்தால் ஊரைக் கூட்டும். கழுதை அப்படி இல்லை. வலியை மூடி மறைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும். பக்கத்தில் போய், வயிற்றில் காதை வைத்துக் கேட்டால்தான் உண்டு. உள்ளே கடமுடா என்று வண்டி ஓடுகிற மாதிரி சத்தம் இருந்தால் நிம்மதி. இதை எந்தப் படத்தில் அனுப்புவது? நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இது.

இன்னொன்று. அப்பா இறந்த வருடம், நிலத்தை விற்றுவிட்டு அங்கே வந்துவிடு என்று நீ போனில் சொன்னபோது நான் ஏதோ கத்திவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எடுக்காமல் இருக்கிறாயா? அப்படியானால் அதையாவது சொல். 'வேலைதான்' என்று பூசி மெழுகாதே.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நிலையத்துக்கே போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண் நேராக என் கையிலேயே போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பேசி எவ்வளவு நாள் ஆயிற்று!

இந்தக் கடிதம் வருவதற்குள் மேடம் தேறியிருப்பாள். வெதுவெதுப்பான தண்ணீர், மெதுவாக நடக்க வைப்பது, ஒரு நாளைக்குத் தீனி வேண்டாம். மறக்காமலிருக்க எழுதிவிட்டேன். நீ போனை அவள் வயிற்றில் வைத்தது நல்ல யோசனை. பயப்பட ஒன்றும் இல்லை.

சீக்கிரம் விவரமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

மேடம் நேற்றுக் காலை செத்துப்போனாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உன் அறிக்கைக்கு உதவும். எட்டாம் தேதி காலையில் அவள் வாசலுக்கு வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தீனியைத் தொடவில்லை. தொட்டிவரை அவளை அழைத்துவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வயிற்றில் காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று அடிக்கிறது, வயதாகிவிட்டது, என் காதுதான் சரியில்லை என்று நினைத்து உன்னைக் கூப்பிட்டேன்.

"வயித்துல சத்தமே இல்லடா, நீயே கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை அவள் வயிற்றில் வைத்தேன். ஒரு நிமிடம் வைத்திருந்தேன். எடுத்து, "என்னடா?" என்று கேட்டேன். "கேக்குது, கேக்குது. நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவர் அன்று மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தார். கூப்பிட்டால் வந்து குழாய் விட்டு எண்ணெய் கொடுத்திருப்பார். "அவரை வரச் சொல்லட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "சரி சரி, நல்லாயிருக்கு, தண்ணி குடு" என்றாய். வேண்டாம் என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நான் சொன்ன எதையும் நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எப்போதடா போனை வைக்கலாம் என்று இருந்தாய்.

என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் என்ன பாவம் செய்தாள்? ஆடுகள் வாசலில் அவள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு நிற்கின்றன.

அக்கா


மே 2

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை.

இடது காது மூன்று வருடத்துக்கு முன்னால் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். எதிரில் நின்று மெதுவாகப் பேசினால் முகத்தைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் ஒன்றும் முடியாது. கிளினிக்கை விட்டது மூட்டு வலியால் இல்லை. ஒரு நாள் ஒரு நாய்க்குட்டியின் நெஞ்சில் கருவியை வைத்தேன், உள்ளே வெறும் அமைதி. குட்டியோ என் கையை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வாரமே வேலையை விட்டேன். பட்டறைச் சத்தம் பழகிவிட்டதாக எழுதினேன். பழகவில்லை, கேட்கவில்லை.

நிலையத்தில் யாருக்கும் தெரியாது. போன் என்று முடிவானால் எனக்கு அங்கே இடம் இல்லை. அதனால்தான் படம், எழுத்து என்று உன் தலையைத் தின்றேன். கருத்துக் கேட்டேன், வந்த கருத்தை வளைக்கப் பார்த்தேன்.

அன்று 'மேடம்' என்பதும் 'வயித்துல' என்பதும் மட்டும் பிடிபட்டன. பிறகு நீ போனை அவள் வயிற்றில் வைத்தாய் என்று புரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது அவள் வயிறா, என் காதா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எந்த மருத்துவராக இருந்தாலும் அந்த அமைதியே அபாயம் என்று துள்ளி எழுந்திருப்பார். என்னைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கம் முந்திக்கொண்டது. "கேக்குது" என்றேன். நீ அதற்குப் பிறகு கேட்ட எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. உன் கடிதத்தில்தான் படித்தேன்.

உன் காது சரியாகத்தான் இருந்தது, அக்கா. அவளைக் கொன்றது நான்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ?

உன் கடிதம் வந்த அன்று அதை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. மறுநாள் எழுத உட்கார்ந்தேன், வந்ததெல்லாம் வசவு. அதை அனுப்பாமலிருக்க ஏழு வாரம் ஆயிற்று. கோபம் தீரவில்லை. அவளைக் குழியில் இறக்கப் பால் வண்டிக்காரரும் நானும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "உன் காதுதான் போச்சு, வாய் என்னடா ஆச்சு?" என்று தொட்டிப் படியில் ஏறி உன் நிலையம் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தினேன். ஆடுகள் பயந்துவிட்டன.

பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். மூன்று வருடமா? மூன்று வருடமாகவா ஒருத்தனாக இதைச் சுமந்தாய்? யாராவது பேசினால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு, சிரிக்கிற இடம் எது என்று தேடிக்கொண்டு? வலியை மறைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பது கழுதைக்குத்தான் உண்டு என்று நான் உனக்கே பாடம் எடுத்தேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்கச் சொன்ன அன்று, "இனிமே உன் குரலே எனக்குக் கேக்க வேணாம்" என்று கத்தினேன். ஏதோ கத்தினேன் என்று மார்ச் கடிதத்தில் மழுப்பியது இதைத்தான். நீ எடுக்காத ஒவ்வொரு தடவையும், என் சொல்லைத்தான் எனக்குத் திருப்பிக் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் மேலதிகாரியிடம் சொல். வேலை போனால் போகட்டும். இன்னொரு பண்ணையில் இன்னொருத்தி போனை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் 'நேரத்துக்குச் சாப்பிடு' என்பதைப் படித்துவிட்டு மீதி வரிகளைத் திரும்பவும் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நலமாக இருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். தலைமை மருத்துவர் கையில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மேடத்தைப் பற்றியும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அதே காகிதத்தின் பின்பக்கம், 'அறிக்கையை முதலிலிருந்து எழுதுங்கள்' என்று எழுதிக் கொடுத்தார்.

எழுதினேன். எல்லாருக்கும் ஒரே முறை என்பதே தப்பு என்று ஆரம்பித்தேன். முதல் கேள்வி விலங்கைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பண்ணைக்காரரால் எது முடியும், எது முடியாது என்று கேட்க வேண்டும். அதே கேள்வியை மருத்துவரும் தன்னைக் கேட்டுக்கொண்டு பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காததைக் கேட்கவில்லை, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் அன்றைக்கே நேரில் ஆளை அனுப்ப வேண்டும். பயந்தவர்களுக்கு மனிதக் குரல் வேண்டும் என்ற உன் வரியை அப்படியே போட்டேன். குரல் கொடுக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள். படமும் வீடியோப் பதிவும் எழுத்தும் எனக்கு.

வேலை இருக்கிறது. மேசையைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் உண்டு. என்னிடம் எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் யாரும் சும்மா வந்து பேசுவதில்லை. நாள் முழுக்க ஆடு மாடுகளின் படங்கள். சில நாள் ஒரு மனித முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இனி உன் ஆடு தீனி எடுக்காவிட்டால் காது வேண்டாம், கை போதும். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி வை. வயிறு அசையும்போது கையைத் தூக்கும். போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய். வயிறு முட்டும்போதெல்லாம் மற்றக் கையை உயர்த்து. நான் எண்ணிக்கொள்வேன். பதிவு வந்து சேர அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

நீ கத்திய அந்த வாக்கியத்தைப் பற்றி: எனக்கு முழுதாகக் கேட்டது. அப்போது வலது காது நன்றாக இருந்தது. போனில் நான் தெளிவாகக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். கோபம் இல்லை, அக்கா. உன் குரல் எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு வாக்கியத்தில்தான். உன்னை நினைத்தால் அதைத்தான் மனதுக்குள் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். திட்டானாலும் உன் குரல்.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடைசிப் பத்தியை ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாம் தடவை என்னால் ஆகாது.

வக்கீல் பிழைத்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வாளே, அந்தக் கறுப்பு ஆடுதான். தானிய மூட்டையைக் கிழித்து மூக்குமுட்டத் தின்றுவிட்டு, மறுநாள் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் வாயை மூடினால் விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்தது. நீ சொன்ன இடத்தில் முஷ்டியை வைத்தேன். செங்கல் இரண்டு தடவை சரிந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு முறைதான் கையை உயர்த்தினேன். உயர்த்தாமல் நின்ற நேரமெல்லாம் மேடம் நினைவுதான்.

நீ உடனே போனிலேயே பதில் எழுதினாய்: 'அசைவு மிகவும் குறைவு. இங்கிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவரை அனுப்பியாயிற்று.' அந்த நடு வரியைப் பார்த்துவிட்டுத்தான் அழுதேன். அவர் மூன்று மணி நேரத்தில் வந்தார். இன்று காலை வக்கீல் வாளியோடு வாதாடுகிறாள்.

பதிவை நிறுத்தக் குனிந்தபோது வழக்கம்போல ஏதோ கேட்டுவிட்டேன். உனக்குக் கேட்காதே என்று பிறகுதான் உறைத்தது. பெரிதாக ஒன்றுமில்லை, விடு.

வாசலில் இன்னும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வக்கீலுக்கு என் வாழ்த்து. இன்னும் நான்கு நாளைக்குத் தானியம் காட்டாதே.

உன் பதிவை முதல் தடவை பார்த்தது ஆட்டுக்காக. பிறகு பார்த்ததெல்லாம் கடைசி நான்கு விநாடிக்காக. நீ கையைத் துடைத்துக்கொண்டு செங்கல்லை நோக்கி வருகிறாய். குனிகிறாய். உன் முகம் திரை முழுக்க நிறைகிறது. நான்கு வருடத்துக்குப் பிறகு உன் முகம். தலை இவ்வளவு நரைத்ததை நீ எழுதவே இல்லை. அப்படியே என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாய், பிறகு உன் கட்டைவிரல் வந்து மறைக்கிறது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வாய் திறந்தது, உதடு இரண்டும் ஒட்டியது, பிரிந்து பல் தெரிந்தது, திரும்ப அகலமாகத் திறந்தது. பதினோராவது தடவையில் பிடிபட்டது. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். அதேதான்.

"சாப்பிட்டியா?"

பட்டறை மூடுகிற நேரம் என்று நினைக்கிறேன், தரை அதிர்வது நின்றிருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனி உன்னை நினைத்தால் அந்தப் பழைய வாக்கியம் வேண்டாம். இது இருக்கிறது.

கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். கேட்டு இத்தனை நாள் கழித்து வரும் பதிலுக்குக் கோபித்துக்கொள்ளாதே.

சாப்பிட்டேன், அக்கா.

தம்பி